முப்பது நொடி முகங்கள்

நெய்யூர் பக்கம் ஒரு வீட்டில் ராத்திரி சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது. கதாநாயகியின் கண்ணில் நீர் திரளும் நேரம் பார்த்து இடைவேளை விடுகிறார்கள். ரிமோட் கைமாறுகிறது. சன் டி.வி. போய் ஏஷியாநெட் வருகிறது. அங்கேயும் இடைவேளைதான். சற்று முன் தமிழில் சலவைப் பவுடரைப் புகழ்ந்த அதே பெண், அதே சேலையில், அதே சிரிப்போடு மலையாளத்தில் புகழ்கிறார். உதட்டசைவு இரண்டு மொழிக்கும் ஒட்டவில்லை. அவர் பேசி நடித்தது மும்பையில், இந்தியில். தமிழும் மலையாளமும் பின்னால் வேறு இருவர் கொடுத்த குரல்.

ஒரே விளம்பரத்தை இரண்டு மொழியில் அடுத்தடுத்துப் பார்த்து வளர்வது தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் நெய்யூர், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்து ஊர். மாநிலம் மாறியது, காற்றில் வரும் அலை மாறவில்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது, அது நெய்யூருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும் தென்கோடிக் கடலோர ஊர்களில் வசதியுள்ள வீட்டார் உயரமான கம்பம் நட்டு ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினார்கள். 1985-ல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியதும் ஆன்டெனா வடமேற்கே திரும்பியது. 1993-ல் ஏப்ரல் 14 அன்று சன் டி.வி.யும், ஆகஸ்டில் ஏஷியாநெட்டும் பிறந்தன. அதன்பின் கேபிள்காரர் புண்ணியத்தில் ஆன்டெனாவைத் திருப்ப யாரும் ஓட்டின்மேல் ஏற வேண்டியிருக்கவில்லை.

சிங்களம் புரியாத வீட்டிலும் சிங்கள விளம்பரம் புரிந்தது. ஒரு தாய் பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுக்கிறாள், பிள்ளை குடித்துவிட்டு மீசை வைத்துக்கொண்டு சிரிக்கிறது என்றால் அதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? விளம்பரத்தின் முதல் வசீகரம் அங்கேதான் இருக்கிறது. அதைச் சுமப்பது முகம். சரக்கும் பாட்டும் வசனமும் அதன் பின்னால்தான் வருகின்றன.

இத்தனை ஆண்டுகளாக நம் கூடத்துக்குள் வந்து போன அந்த முகங்களில் பாதிக்கு மேல் நமக்குப் பெயர் தெரியாது. சினிமாவில் லைட்பாய் வரை பெயர் ஓடுகிறது. சீரியலில் சேலை கொடுத்த கடைக்கும் நன்றி போடுகிறார்கள். விளம்பரத்தில் மட்டும் நடித்தவர் பெயர் வருவதே இல்லை. பத்து நொடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கிய நேரத்தில், ஒரு நொடிகூடச் சரக்கின் பெயரைத் தவிர வேறு பெயருக்கு ஒதுக்க யாருக்கும் மனம் வராது.

பெயர் போட்டே தீர வேண்டிய அவசியம் இல்லாமல், பெயரும் முகமும் சரக்கும் ஒன்றாகவே நின்ற ஒருவர் நெய்யூர் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தார்.

அண்ணாச்சியே வந்து நின்றபோது

எச். வசந்தகுமார் 1950-ல் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். காங்கிரஸ் தலைவர் குமரி அனந்தனின் தம்பி. சென்னைக்குப் போய் வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்தார். 1978-ல் சொந்தமாகக் கடை போட்டார். அதுவே வசந்த் அண்ட் கோ. நாற்காலி, மேஜை, மிக்ஸி, ஃபிரிட்ஜ், டி.வி. என்று ஒரு நடுத்தர வீட்டுக்குள் என்னவெல்லாம் நுழைய வேண்டுமோ அதையெல்லாம் தவணையில் கொடுத்த கடை.

அந்தக் கடையின் விளம்பரத்தில் நடிகை இல்லை, கிரிக்கெட் வீரர் இல்லை. முதலாளியே நின்றார். நாளிதழின் முழுப் பக்கத்திலும் அவர், டி.வி.யிலும் அவர். அகலமான சிரிப்பு, நடிக்கத் தெரியாத நிற்பு. விளம்பர நிறுவனங்களின் கணக்குப்படி இது செல்லுபடியாகக் கூடாத முகம். ஆனால் பார்த்தவர்களுக்கு அது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சியின் முகம். வாங்கிய மிக்ஸி மறுநாள் ஓடாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விக்கு அந்தச் சிரிப்பே பதில் சொன்னது. நடிகையிடம் போய்க் கேட்க முடியாது, இவரிடம் கேட்கலாம். தவணைக்கு வாங்குகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். மாதாமாதம் பணம் கட்டப் போகும் இடத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது என்பதே பாதி தைரியம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த முகத்துக்குக் கூடுதல் அர்த்தம் இருந்தது. சென்னையில் போய்ப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தினமும் ராத்திரி சொந்த ஊர்க் கூடத்துக்குள் வந்து சிரித்தவர் இவர் ஒருவர்தான். 2006-லும் 2016-லும் நாங்குநேரியில் சட்டமன்றத்துக்கு வென்றார். 2014-ல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் தோற்றார். 2019-ல் அதே தொகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த வெற்றிக்கு அரசியல் காரணங்கள் நிறைய உண்டு. விளம்பரம்தான் ஓட்டு வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் அது வாக்காளரைக் குறைத்துப் பேசுவதாகும். ஆனால் வேட்பாளர் யார் என்று நெய்யூரிலோ குளச்சலிலோ யாரும் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை என்பது உண்மை. 2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோனது. அகஸ்தீஸ்வரத்தில் அடக்கம் நடந்தது. அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த் வென்றார். ‘சென்னை 600028’ படத்தில் நடித்தவர் என்பதால் அவரும் திரையில் பார்த்த முகம்தான்.

முதலாளியே கேமரா முன் நிற்பது பிறகு தமிழ்நாட்டில் ஒரு தனி மரபாகிவிட்டது. லலிதா ஜுவல்லரி கிரண்குமார் மழித்த தலையோடு நேரே கேமராவைப் பார்த்து, விலைச் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டுபோய் மற்றக் கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று பேசினார். சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் ஒரு படி மேலே போய், தமன்னாவோடும் ஹன்சிகாவோடும் ஆடினார். ஊரே கேலி செய்தது. அவர் நிறுத்தவில்லை. அந்த விளம்பரங்களை எடுத்த ஜேடி–ஜெர்ரி இயக்கத்திலேயே 2022 ஜூலையில் ‘தி லெஜண்ட்’ படத்தின் கதாநாயகனாக வந்தார். அந்தக் கேலியில் நியாயமில்லாத பங்கும் உண்டு. சிவந்த தோலும் செதுக்கிய மூக்கும் உள்ள மும்பை மாடல் ஆடினால் ஏற்றுக்கொள்ளும் கண், நம் தெருவில் பார்க்கக்கூடிய ஒரு முகம் ஆடினால் மட்டும் ஏன் கூச வேண்டும்?

சித்ராவும் லலிதாஜியும்

2021 ஆகஸ்ட் 21 அன்று தமிழ்ச் செய்திகளில் ஒரு மரணம் வந்தது. ‘நல்லெண்ணெய் சித்ரா காலமானார்.’ வயது 56. கொச்சியில் பிறந்து, மலையாளத்தில் ‘ஆட்டக்கலாசம்’ தொடங்கி ‘அமரம்’, ‘தேவாசுரம்’ வரை நடித்தவர். தமிழில் ‘சேரன் பாண்டியன்’ உட்படப் பல படங்கள். அவ்வளவையும் தாண்டி, விருதுநகர் இதயம் நல்லெண்ணெய் விளம்பரத்தில் வந்த சில நொடிகள்தான் தமிழ்நாட்டில் அவருக்கு நிலைத்த பெயரைக் கொடுத்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் அவர் மம்மூட்டி, மோகன்லால் படங்களில் வந்த நடிகை. இந்தப் பக்கம் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா. இரண்டையும் ஒன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் நெய்யூர், மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களே.

இப்படிச் சரக்கின் பெயரோடு சேர்ந்து அழைக்கப்படுவதில் அன்பு இருக்கிறது. ஒரு பறிப்பும் இருக்கிறது. ஒரு நடிகையின் பல ஆண்டு உழைப்பு அரை நிமிட விளம்பரத்துக்குள் அடங்கிப்போகிறது.

இதே கதி இன்னொருவருக்கும் நேர்ந்தது. எழுபதுகளின் பிற்பாதியில் நிர்மா சலவைப் பவுடர் மலிவு விலையில் வந்து சர்ஃபை ஆட்டம் காண வைத்தது. விலையைக் குறைக்க முடியாத நிலையில், விளம்பர மேதை அலிக் பதம்ஸி கண்டுபிடித்த பதில் ஒரு பெண். காய்கறிக் கடையில் பேரம் பேசும் தன் தாயை நினைத்து அந்தப் பாத்திரத்தை உருவாக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். வெள்ளைச் சேலை, நேரான பார்வை, மலிவான சரக்கு வேறு, நல்ல சரக்கு வேறு என்று கணக்குப் போட்டுப் பேசும் குரல். அவர்தான் லலிதாஜி. தமிழில் குரல் மாற்றி வந்தபோதும் லலிதாஜி லலிதாஜியாகவே இருந்தார்.

அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் கவிதா சௌத்ரி. 1989-ல் தூர்தர்ஷனில் வந்த ‘உடான்’ தொடரை எழுதி, இயக்கி, அதில் போலீஸ் அதிகாரியாக நடித்தவரும் அவரே. தன் அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையை ஒட்டி எழுதிய கதை அது. அந்த அக்கா 2004-ல் உத்தராகண்ட் மாநிலத்தில் டி.ஜி.பி. ஆனார், அந்தப் பதவிக்கு வந்த இந்தியாவின் முதல் பெண் அவர். அப்படிப்பட்ட ஒரு தொடரைத் தந்தவர் 2024 பிப்ரவரியில் மறைந்தபோதும் செய்தித் தலைப்புகள் சலவைப் பவுடரைத்தான் முதலில் நினைவுபடுத்தின.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் வலிக்கும். ரஸ்னா விளம்பரத்தில் வந்த தருணி சச்தேவ், 2004-ல் வினயன் இயக்கிய ‘வெள்ளிநட்சத்திரம்’ என்ற மலையாளப் படத்தில் நடித்துக் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் செல்லப்பிள்ளை ஆனார். 2012 மே 14 அன்று, தன் பதினான்காவது பிறந்த நாளில், நேபாளத்தில் நடந்த விமான விபத்தில் தாயோடு இறந்துபோனார். பெயர் சொன்னால் பலருக்குத் தெரியாது. ‘ரஸ்னா குட்டி’ என்று சொன்னால் உடனே ஒரு சிரித்த முகம் வந்து நிற்கும்.

முகமே தெரியாமல் நடித்தவர்களும் உண்டு. 2009 ஐ.பி.எல். நேரத்தில் வோடஃபோனுக்காக வந்த ஜூஜூக்களைக் கம்ப்யூட்டரில் வரைந்த பொம்மைகள் என்றுதான் நாடே நம்பியது. பெங்களூரு நிர்வாணா ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் பிரகாஷ் வர்மா, தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில், ஒல்லியான உடல்வாகு கொண்ட ஆட்களுக்கு வெள்ளை உடை மாட்டிவிட்டு எடுத்தவை அவை. தலைக்குள் தலை மறைந்திருக்கும். கை கால் அசைவு ஒன்றாலேயே கோபம், வெட்கம், ஏமாற்றம் எல்லாம் காட்ட வேண்டும். பொம்மலாட்டத்தில் திரைக்குப் பின்னால் இருப்பவருக்காவது கடைசியில் கைதட்டல் கிடைக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

எழுநூற்றைம்பது படங்களுக்குள்

முப்பது நொடி என்பது இந்திய டி.வி. கணக்கில் 750 படங்கள். அதில் கடைசி மூன்று நான்கு நொடி ‘பேக் ஷாட்’டுக்குப் போய்விடும். சரக்கை மட்டும் தனியாக நிறுத்தி, ஒளி பாய்ச்சி, பெயர் தெரிய எடுக்கும் காட்சி அது. விளம்பரத் தொழிலில் அதற்குத்தான் மிகுந்த மரியாதை. மிச்சம் இருபத்தாறு, இருபத்தேழு நொடிக்குள் நடிகர் ஒரு வீட்டையும் ஒரு உறவையும் ஒரு குறையையும் அது தீர்ந்த சந்தோஷத்தையும் காட்டிவிட வேண்டும். சினிமாவில் கோபத்திலிருந்து சிரிப்புக்கு வர ஒரு காட்சி கிடைக்கும். இங்கே காப்பி டம்ளர் உதட்டுக்குப் போய்த் திரும்பும் நேரம்தான். அதற்குள் கண் மலர வேண்டும், புருவம் தளர வேண்டும், டம்ளரைக் கையில் பிடித்திருக்கும் விதத்தில் லோகோ மறையவும் கூடாது.

காப்பிக்கு மேலே எழும் ஆவியும் காப்பியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. உணவுப் பொருள் விளம்பரங்களுக்கு ‘ஃபுட் ஸ்டைலிஸ்ட்’ என்று தனி ஆள் உண்டு. விளக்கின் சூட்டில் ஐஸ்கிரீம் உருகிவிடும் என்பதால் மசித்த உருளைக்கிழங்கை உருட்டி வைப்பது அந்தத் தொழிலின் பழைய வித்தை. அந்த உருளைக்கிழங்கைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறுவதுபோல் நடிப்பவர்தான் நடிகர். மாவு பிசையும் கை வேறொருவருடையதாக இருக்கும். கை மட்டும் நடிப்பதற்கு ‘ஹேண்ட் மாடல்’ இருக்கிறார். குரல் இன்னொருவருடையது. இத்தனை பேரின் உடலையும் குரலையும் சேர்த்துத் தைத்து ஒரே ஆளாக நமக்குக் காட்டுகிறார்கள்.

நடிகரே தேவையில்லாமல் போன அதிசயமும் நடந்திருக்கிறது. 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும். கோவாவின் தெருக்களில் எடுத்தது. இயக்கியவர் அதே பிரகாஷ் வர்மா. வசனம் கிடையாது. போன் கம்பெனியின் சிக்னல் எங்கும் கூடவே வரும் என்பதை ஒரு நாயின் நடையில் சொல்லிவிட்டார்கள். சீக்கா என்ற அந்த நாயின் பெயர் மட்டும் நாடு முழுக்கத் தெரிந்தது! விளைவு நல்லதாக முடியவில்லை. எல்லோரும் பக் நாய் கேட்டு அலைந்தார்கள், விலை ஏறியது. சப்பை மூக்கால் மூச்சுவிடத் திணறும் அந்த இனம் தமிழ்நாட்டு வெயிலில் படும் பாட்டைக் கால்நடை மருத்துவர்கள்தான் பார்க்க நேர்ந்தது. ஒரு முகம் பிடித்துப்போனால் அதை வீட்டுக்கே கொண்டுவரத் துடிக்கும் மனசை விளம்பரம் நன்றாக அறிந்திருக்கிறது. அந்த அறிவுக்கு ஒரு பொறுப்பும் கூடவே வர வேண்டும்.

ஓர் இடத்தின் பெயரையே விளம்பரம் மாற்றியிருக்கிறது. கொடைக்கானலில் பாம்பார் அருவி இருக்கிறது. 1975-ல் கேரன் லுனெல் என்ற இளம்பெண் பச்சை நீச்சலுடையில் அங்கே குளித்து ஆடிய லிரில் சோப்பு விளம்பரம் முதலில் தியேட்டர்களிலும் பிறகு டி.வி.யிலும் வந்தது. இதிலும் பதம்ஸியின் கை உண்டு. குற்றாலத்திலும் திற்பரப்பிலும் குளித்துப் பழகிய தெற்கத்திக்காரர்களுக்கு அருவி புதிதல்ல. யாருக்கும் பயப்படாமல், யாருக்காகவும் இல்லாமல், தனக்காக மட்டும் தண்ணீரில் ஆடும் ஒரு பெண்தான் புதிது. இன்றைக்கும் சுற்றுலா வண்டிக்காரர்கள் அந்த இடத்தை லிரில் அருவி என்றே சொல்கிறார்கள்.

சென்னையின் விளம்பர உலகம் சினிமாவுக்கு ஆள் அனுப்பிய நாற்றங்காலாகவும் இருந்தது. லியோ காப்பி விளம்பரத்தில் தோன்றிய அரவிந்த்சாமியைப் பார்த்துத்தான் மணிரத்னம் ‘தளபதி’க்கு அழைத்தார். அந்த விளம்பரத்துக்கு இசை அமைத்த இளைஞர் ஏ.ஆர். ரஹ்மான். 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது நாயகன், இசையமைப்பாளர் இருவருமே காப்பி விளம்பரம் வழியாக வந்தவர்கள். 1996-ல் ஒரு சந்தன டால்கம் பவுடர் விளம்பரத்தை எடுத்த சந்தோஷ் சிவன், அதில் நடித்த மாதவனை மணிரத்னத்திடம் பரிந்துரைத்தார். அப்போது ‘இருவர்’ படத்துக்கான தேர்வில் இடம் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து ‘அலைபாயுதே’ வந்தது. ராஜீவ் மேனன், ஏ.எல். விஜய் என்று விளம்பரத்தில் கை பழகி சினிமாவுக்கு வந்த இயக்குநர்களும் உண்டு. இவர்களையெல்லாம் பேட்டி காணும்போது விளம்பரத்தில் நடித்த காலத்தை ஏணியின் முதல் படி என்று மட்டுமே கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் படியிலேயே நின்று நன்றாக நடித்து, மேலே ஏறாமல் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் கேட்க யாரும் போவதில்லை.

சொன்னவர் பொறுப்பு

நெய்யூருக்கு வெளியுலகில் பெயர் வந்தது ஆஸ்பத்திரியால். லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-ல் இங்கே மருத்துவப் பணி தொடங்கினார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய ஹோவர்ட் சோமர்வெல் மலையை விட்டுவிட்டு இங்கே வந்து பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார். திருவிதாங்கூர் முழுக்க நோயாளிகள் தேடி வந்தது, குணமாகித் திரும்பியவர்கள் தங்கள் ஊரில் போய்ச் சொன்னதால். மருத்துவர் தனக்கு விளம்பரம் தேடக் கூடாது என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறையிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், அதே டி.வி.யில், மூட்டுவலி ஒரே வாரத்தில் போய்விடும், சர்க்கரை காணாமல் போகும் என்று வெள்ளைக் கோட்டு மாட்டிய நடிகர் ஒருவர் சொல்லும்போது கோபம் வரத்தான் வேண்டும். கோட்டுக்குள் இருப்பவர் மருத்துவர் அல்ல என்பது நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எப்படித் தெரியும்?

மாயமாகக் குணமாகும் என்று சொல்லி மருந்து விற்பதைத் தடுக்கும் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. அமலாக்கத்தில்தான் சோம்பல். 2024-ல் பதஞ்சலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமை காட்டிய பிறகு அந்த நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட வேண்டியதாயிற்று. தவறான விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களும் சம பொறுப்பாளிகள் என்று அதே வழக்கில் நீதிமன்றம் சொன்னது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரை செய்பவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுமுறை 50 லட்சம் வரை அபராதம். ஓராண்டு, பிறகு மூன்றாண்டு வரை விளம்பரத்தில் தோன்றவே தடை போடலாம். சரக்கைப் பற்றி உரிய அளவு விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்தேன் என்று காட்ட முடிந்தால் தப்பலாம். ஆக, ‘எனக்கு என்ன தெரியும், எழுதிக் கொடுத்ததைப் பேசினேன்’ என்ற பழைய பதில் இனிமேல் செல்லாது.

தமிழ் நடிகர்களில் இதைச் சட்டத்துக்கு முன்பே யோசித்தவர்கள் உண்டு. இவ்வளவு பெரிய சந்தை மதிப்பு இருந்தும் ரஜினிகாந்த் சரக்கு விற்கும் விளம்பரங்களைப் பெரும்பாலும் தவிர்த்தே வந்திருக்கிறார். கமல்ஹாசன் அரை நூற்றாண்டுக்கு மேல் நடித்தபின் 2015-ல்தான் போத்தீஸுக்காக முதல்முறை வந்தார். சிவகார்த்திகேயன், உணவுப் பொருள் விளம்பரங்களின் பொய்யைப் பேசிய ‘வேலைக்காரன்’ படத்தில் 2017-ல் நடித்தபின், இனி அப்படிப்பட்ட விளம்பரங்களில் நடிப்பதில்லை என்று அறிவித்தார். சிவப்பழகு கிரீம் விளம்பரம் ஒன்றைச் சாய் பல்லவி மறுத்தது 2019-ல் பெரிய செய்தியானது.

சாய் பல்லவியின் மறுப்பு இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். கறுப்பாக இருக்கும் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது; கிரீம் பூசினால் எல்லாம் கிடைக்கும் என்ற கதையை விளம்பரம் பல பத்தாண்டுகள் நம் கூடத்தில் ஓட்டியது. 2003-ல் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் புகாரைத் தொடர்ந்து சில விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. 2020-ல்தான் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்தது. அந்தக் கதைகளில் ‘முன்’, ‘பின்’ இரண்டையும் நடித்தவர் ஒரே பெண்தான். ‘முன்’னுக்கு முகத்தில் கறுப்புப் பூசினார்கள். வேலைக்கு வந்த அந்த நடிகைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எழுதியவர்களும் காசு போட்டவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

அதே விளம்பரத் திரை எதிர்த் திசையிலும் நடந்து காட்டியிருக்கிறது. 2021-ல் கேரளத்தின் பீமா ஜுவல்லரி, ஒரு திருநங்கை குடும்பத்தின் அன்போடு மணப்பெண்ணாக வளர்வதை விளம்பரமாக எடுத்தது. நடித்தவரும் திருநங்கையே. வசனம் குறைவு, பார்வைகள் அதிகம். நகைக்கடை விளம்பரம் என்றால் கல்யாண மண்டபம், உதட்டுச் சாயம், முப்பது பவுன் என்று பழகிய கண்ணுக்கு அந்த விளம்பரம் வேறொன்றைக் கொடுத்தது. 2025 ஜூலையில் வின்ஸ்மேரா நகைகளுக்காக மோகன்லால் நடித்தது இன்னொரு துணிச்சல். படப்பிடிப்புக்கு வைத்திருந்த பெண்களுக்கான நெக்லஸின் மேல் ஆசைப்பட்டு, அதை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போய் அணிந்து, கண்ணாடி முன் பெண்மையின் அசைவுகளோடு ஒய்யாரமாக நிற்பார். நாற்பது ஆண்டு மீசை முறுக்கிய நடிகர் அவர். கிண்டலின் சாயல் துளியும் விழாமல், நகையின் மேல் வரும் ஆசைக்கு ஆண், பெண் இல்லை என்பதை விரல் நுனியிலும் கழுத்துத் திருப்பத்திலும் காட்டிவிட்டார். ‘வானப்பிரஸ்தம்’ படத்தில் பெண் வேடமும் கட்டிய கதகளி நடிகராக அவர் வாழ்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த அசைவு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

அந்த விளம்பரத்தை எடுத்தவரும் பிரகாஷ் வர்மாதான். ஹட்ச் நாயையும் ஜூஜூக்களையும் தந்து இருபது ஆண்டுக்கு மேல் நம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தவரை யாரும் தெருவில் அடையாளம் கண்டதில்லை. 2025 ஏப்ரலில் ‘துடரும்’ படத்தில் மோகன்லாலுக்கு எதிராக, சிரித்துக்கொண்டே கொடுமை செய்யும் போலீஸ் அதிகாரி ஜார்ஜாக நடித்தார். ஒரே வாரத்தில் மலையாளக் கரை முழுக்க அவர் பெயர் தெரிந்தது. நாகர்கோவில் வரைக்கும் தெரிந்தது. சினிமாவில் பெயர் போடுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கேட்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. டி.வி.யில் நொடிக்குக் காசு. இடமில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். இன்றைக்கு எந்த விளம்பரமும் டி.வி.யோடு நிற்பதில்லை. அதே நாளில் யூடியூபில் ஏறுகிறது. கீழே நிறுவனத்தின் பெயர், கடைகளின் முகவரி, சலுகை முடியும் தேதி என்று பத்து வரி எழுதுகிறார்கள். அங்கே நடித்தவர் பெயர், தமிழில் குரல் கொடுத்தவர் பெயர், மாவு பிசைந்த கைக்குரியவர் பெயர் என்று மூன்று வரி சேர்க்கப் பைசா செலவு இல்லை. மாடல் கோஆர்டினேட்டர்கள் ஒப்பந்தத்தில் விளம்பரம் எத்தனை மாதம், எந்த மாநிலத்தில், எந்த ஊடகத்தில் ஓடலாம் என்றெல்லாம் எழுதி வாங்குகிறார்கள். பெயர் போட வேண்டும் என்ற ஒரு வரியையும் அதில் எழுதி வாங்கலாம். முதலில் கேட்கத் தொடங்க வேண்டியது சென்னையில் இருக்கும் டப்பிங் கலைஞர்கள்தான். அவர்களுக்கு ஏற்கெனவே சங்கம் இருக்கிறது; மும்பையிலிருந்து வரும் ஒவ்வொரு விளம்பரமும் அவர்கள் மைக்கின் முன் நின்றுவிட்டுத்தான் நெய்யூர் வரை வருகிறது.